முதல் வருட இரசாயனத்துக்கு எந்தப் புத்தகம்?

நம் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடப் பாட விளக்கங்களில் கடைசி நான்கைந்து வரிகள் பெரும்பாலும் பரிந்துரை நூல்களுக்கு உரியவை. முதல் வருட இரசாயனத்தின் கீழ் வழக்கமாக வரும் பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: பீற்றர் அற்கின்ஸ், றேமண்ட் சாங், பிரவுண்-லெமே, மொரிசன்-பொயிட், ஜே.டி. லீ. விரிவுரையாளர் மாறுவார், பாடக் குறியீட்டு எண் மாறும், பட்டியல் மட்டும் இலகுவில் மாறாது. தன்னாமுனையில் காலை பஸ் ஏறி மயிலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி தாண்டி வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போகும் முதல் வருட மாணவி ஒருத்தியின் பையில் அந்தப் பட்டியல் நூல்களில் ஒன்றாவது இருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். இருக்கக்கூடியவை விரிவுரைக் குறிப்பின் போட்டோக்கொப்பி, சீனியர் தந்த கடந்தகால வினாத்தாள் கட்டு, உயர்தரக் காலத்து ரியூசன் நோட்ஸ். போனில் ஒரு பிடிஎஃப் இருக்கலாம். ஆயிரம் பக்கம், இரண்டு நிரலில் அச்சு, பெரிதாக்கினால் வரி ஓடிவிடும்.

இந்தப் பட்டியல் வழக்கத்தை ஒரேயடியாகப் பழிப்பது சுலபம், ஆனால் நியாயமாகாது. ஒரு துறை தன் மாணவரிடம் எந்தத் தரத்தை எதிர்பார்க்கிறது என்பதைப் பட்டியல் வெளியே சொல்லி வைக்கிறது. நூலகம் எந்தப் புத்தகத்தை எத்தனை பிரதி வாங்குவது என்று தீர்மானிக்க அதுதான் ஆதாரம். விரிவுரையாளரின் குறிப்பு ஒருவருடைய குரல். நல்ல புத்தகம் பத்துப் பதிப்புகளில் பலர் பிழை பிடித்துத் திருத்தியது. இவ்வளவும் பட்டியலின் பக்கம். எதிர்ப்பக்கத்தில் ஒரே குறைதான், ஆனால் பெரியது: இரசாயனவியலாளர் ஒருவர் எவற்றை வாசித்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. இரவு எட்டு மணிக்கு ஆசிரியர் எவரும் பக்கத்தில் இல்லாத மேசையில், தமிழில் உயர்தரம் படித்து வந்த பிள்ளை எதைத் திறந்தால் ஒரு கணக்கையாவது தானாகச் செய்து முடிக்கும் என்ற கேள்வி பட்டியல் போடுகிறவரின் மனதில் எழுவதேயில்லை.

அற்கின்ஸின் பௌதிக இரசாயன நூலை எடுங்கள். 1978இல் முதலில் வந்த அந்த நூல் அருமையானது, ஆனால் அறிமுக நூலன்று. நுண்கணிதம் கையில் பழகியவருக்கு எழுதப்பட்டது. அதே அற்கின்ஸ் லொறேற்றா ஜோன்ஸோடு சேர்ந்து முதல் வருடத்துக்கென்றே வேறொரு புத்தகம் எழுதியிருக்கிறார். பட்டியலில் ‘அற்கின்ஸ்’ என்று மட்டும் இருந்தால் பிள்ளை போய் எடுப்பது பெரியதை. தொடக்க இயல்களிலேயே பகுதி வகையீடு எதிர்ப்படும், புத்தகம் மூடப்படும், இனி ஆங்கிலப் புத்தகமே நமக்குச் சரிவராது என்ற முடிவு நிலைத்துவிடும். மொரிசன்-பொயிட்டின் ஆறாம் பதிப்பு 1992இல் வந்தது. ஜே.டி. லீயின் ஐந்தாம் பதிப்பு 1996. சேதன இரசாயனத்துக்கு மொரிசன்-பொயிட்டைப் போல நிதானமாகக் கதை சொல்லும் நூல் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 30 வருடமாக ஒரு வரியையும் மாற்றாத பட்டியலை யாரும் திறந்து பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அறிமுக இரசாயனப் புத்தகம் ஒன்றைத் தமிழருக்காகத் தெரிவு செய்ய வேண்டிய நிலை இந்த நாட்டில் 150 வருடங்களுக்கு முன்பே ஒருவருக்கு வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். மருத்துவம் படிக்கிறவனுக்கு இரசாயனம் வேண்டும். அவர் தெரிந்தெடுத்தது அமெரிக்கரான டேவிட் வெல்ஸ் 1858இல் வெளியிட்ட பாடநூல். மாணாக்கர் மொழிபெயர்க்க, கிறீன் திருத்திப் பதிப்பித்து, ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் 1875இல் அது அச்சாகி வந்தது. அதற்குள் கிறீன் அமெரிக்கா திரும்பிவிட்டார்.

வெல்ஸ் பெரிய இரசாயனவியலாளர் அல்லர். பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் விஞ்ஞானப் பாடநூல் எழுதி விற்றவர். பிற்காலத்தில் பொருளியலாளராகவும் வரித்துறை ஆணையாளராகவுமே பெயர் எடுத்தார். அந்தக் காலத்தில் இதைவிடக் கனமான நூல்கள் இருந்தன. கிறீன் அவற்றை எடுக்காமல் பள்ளிப் பாடநூற்காரரை எடுத்ததை நான் குறையாகப் பார்க்கவில்லை. வாசிக்கப் போகிறவன் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது: ஆங்கிலம் அதிகம் தெரியாத, ஊருக்குத் திரும்பிப்போய்த் தனியே மருத்துவம் பார்க்கப் போகிற ஓர் இளைஞன். தெரிவின் முதல் விதியை அவர் சரியாகவே பிடித்தார்.

அடி விழுந்தது வேறிடத்தில். மூலநூல் வந்து இரண்டு வருடத்தில், 1860 செப்டம்பரில், ஐரோப்பிய இரசாயனவியலாளர்கள் ஜேர்மனியின் கார்ல்ஸ்றூவ நகரில் கூடினார்கள். அணுநிறைகளைப் பற்றிய குழப்பம் அங்கே தெளியத் தொடங்கியது. அதற்கு முன் வந்த பாடநூல்கள் பலவும் நீரில் ஐதரசனும் ஒட்சிசனும் ஒன்றுக்கொன்று எனக் கொண்டு, ஒட்சிசனின் நிறையை 8 என்று எழுதியவை. 1869இல் மெண்டலீவின் ஆவர்த்தன அட்டவணை வந்தது. தமிழ்ப் புத்தகம் அச்சேறியபோது மூலத்தின் வயது 17. அந்த 17 வருடங்களில்தான் இரசாயனத்தின் அத்திவாரமே மாறியிருந்தது. மொழிபெயர்ப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அது முடிகிற நேரத்தில் மூலம் கிழடாகிப்போகும் என்ற சிக்கல் கிறீனோடு முடிந்துவிடவில்லை.

கிழக்கிலங்கைக்கும் தமிழில் விஞ்ஞானம் வந்த கதையில் ஒரு பங்கு உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்து மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்த மயில்வாகனம், விபுலானந்த அடிகள் ஆவதற்கு முன் விஞ்ஞான டிப்ளோமா பெற்று யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். யாழ்நூல் எழுதியவரை நினைக்கிற அளவுக்கு அந்த விஞ்ஞான ஆசிரியரை நாம் நினைப்பதில்லை. சென்னையில் 1936இல் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சொற்கள் சேர்ந்தன, சுதந்திரத்துக்குப் பின் அரசகரும மொழித் திணைக்களமும் தன் பங்குக்குச் சொற்றொகுதிகள் வெளியிட்டது. உயர்தரம் வரை தமிழில் இரசாயனம் படிக்க முடிகிறதென்றால் அந்த உழைப்புத்தான் காரணம். பல்கலைக்கழக வாசலோடு அது நின்றுவிடுகிறது.

இனி இன்றைய தெரிவுக்கு வருவோம். பட்டியலில் அதிக இடம் பிடிப்பவை அமெரிக்கப் பொது இரசாயன நூல்கள். அவற்றின் மொத்தத்தைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவை தடிப்பாக இருப்பதற்குக் காரணம் விஷயம் கூடியிருப்பது மட்டுமன்று. ஒரு படியையும் விடாமல் சொல்கின்றன. ஒரு கருத்து, உடனே ஒரு செய்துகாட்டிய கணக்கு, அதே மாதிரியான இன்னொரு கணக்கு மாணவருக்கு, இயல் முடிவில் சுலபத்திலிருந்து கடினத்துக்குப் போகும் நூறுக்குக் கிட்டிய பயிற்சிகள். ஆசிரியர் இல்லாமல் படிக்க வேண்டிய ஒருவருக்கு இதைவிட உதவியான அமைப்பு கிடையாது. பிரித்தானிய, இந்திய மரபில் வந்த சுருக்க நூல்கள் வகுப்பில் ஒருவர் விளக்குவார் என்று நம்பி எழுதப்பட்டவை. லீயின் புத்தகத் தலைப்பே சுருக்கம் என்பதைப் பெருமையாகச் சொல்கிறது. உலர்ந்த பந்திகளில் தகவல் நிறைந்திருக்கும். ‘ஏன்’ என்று கேட்டால் பதில் சில இடங்களில் மட்டும் கிடைக்கும்.

அமெரிக்க நூலின் பலவீனமும் அந்த நீளத்திலேயே இருக்கிறது. தமிழில் 13 வருடம் படித்த பிள்ளைக்கு ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தால், 30 பக்க இயல் ஒன்று முழு வார இறுதியையும் விழுங்கிவிடும். அதற்குள் விரிவுரை இரண்டு இயல் முன்னே போயிருக்கும். உதாரணங்கள் இன்னொரு சுமை. கரைசலின் உறைநிலை ஏன் தாழ்கிறது என்பதற்குப் பனி மூடிய வீதியில் உப்புத் தூவுவதும், காரின் றேடியேற்றருக்குள் கிளைக்கோல் ஊற்றுவதும் சொல்லப்படும். பனியைக் காணாதவருக்கு விளங்காது என்று நான் சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகள் எதையும் கற்பனை செய்வார்கள். ஆனால் உதாரணம் எதற்கு? தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததற்குப் போக. இங்கே அது தெரியாத இரண்டாவது பொருளாகி, முதலில் அதையே விளங்கிக்கொள்ள வேண்டியதாகிறது. முகத்துவாரம் வெட்டியதும் மட்டக்களப்பு வாவியின் உவர்ப்பு ஏறுவதும், மாரி வெள்ளத்தில் இறங்குவதும், கருவாட்டுக்கு உப்பிட்டதும் மீனிலிருந்து நீர் வெளியேறுவதும் இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் பாடம் தொடங்கு முன்பே தெரியும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022இல் ரூபாய் விழுந்தபோது அதுவரை எட்டாதிருந்த வெளிநாட்டுப் புத்தகம் கண்ணுக்கே தெரியாமற் போனது. அந்த வருடம் மார்ச்சில் மேல்மாகாணப் பாடசாலைகள் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தது வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லாததால். வைக்கோலிலிருந்து கடதாசி செய்யவென்று வாழைச்சேனையில் ஓர் ஆலையைக் கட்டி வைத்திருந்த நாடு இது. முன்பு பிரித்தானிய அரசின் உதவியில் வந்த ஈ.எல்.பி.எஸ். மலிவுப் பதிப்புகள் நம் நூலகங்களை நிரப்பின; அந்தத் திட்டம் 1997இல் நின்றுபோனது. இப்போது அதன் இடத்தில் இந்திய மறுபதிப்புகள் இருக்கின்றன. பால்-துலியின் பௌதிக இரசாயனம் போன்ற இந்திய நூல்கள் பரீட்சைக் கேள்விக்கு நேரே பதில் தரும் வகையில் கட்டப்பட்டவை. கணக்குப் பழக நல்லவை. ஆனால் அவை இந்தியப் பல்கலைக்கழக வினாத்தாளுக்காக எழுதப்பட்டவை என்பதை அடிக்கடி காட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவன நூல்களை எடுத்தால் மொழி தமிழ்தான். ஆயினும் நியமிப்பைத் தரம்பார்த்தல் என்றும், தாக்கத்தை வினை என்றும், சேதன இரசாயனத்தைக் கரிம வேதியியல் என்றும் தினமும் மாற்றி வாசிப்பதில் வரும் அலுப்பு ஆங்கிலத்தில் வாசிப்பதை விடச் சிறிதன்று.

பதிப்புப் பழசா புதுசா என்பதில் நம்மவர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். ஒரு நூல் எப்போதையது என்று அறிய இரண்டு இடம் பார்த்தால் போதும். வாயுவின் மூலர்க் கனவளவுக்கு 22.4 இலீற்றர் மட்டும் சொல்கிறதா, 22.7உம் சொல்கிறதா? சர்வதேச இரசாயன அமைப்பான ஐயுபாக் 1982இல் நியம அமுக்கத்தை ஒரு வளிமண்டலத்திலிருந்து 100 கிலோபஸ்காலுக்கு மாற்றியதால் வந்த வித்தியாசம் இது. அடுத்தது மூலின் வரைவிலக்கணம்: 12 கிராம் காபன்-12 என்று சொன்னால் 2019 மே 20க்கு முந்தியது, 6.02214076 என்று தொடங்கும் எண்ணைப் பத்தின் 23ஆம் அடுக்கோடு நேராகச் சொன்னால் அதற்குப் பிந்தியது. இவை ஒரு பக்கக் குறிப்பில் திருத்தக்கூடிய விஷயங்கள். மற்றப்படி புதிய பதிப்பில் படங்கள் மாறும், பயிற்சி இலக்கங்கள் இடம் மாறும், விலை ஏறும். லீனஸ் போலிங் 1947இல் முதலில் வெளியிட்ட பொது இரசாயனத்தின் 1970ஆம் ஆண்டுப் பதிப்பு மலிவு மறுபதிப்பாக இன்றும் கிடைக்கிறது. பிணைப்பைப் பற்றி அந்த மனிதர் எழுதியதை வாசித்தால், புதுப் பதிப்புக்காகக் காசு சேர்க்கும் அவசரம் சற்றுத் தணியும்.

கிறீனின் காலத்தோடு இது முரணாகத் தோன்றலாம். அப்போது 17 வருடம் ஒரு நூலைக் கிழடாக்கியது என்றேன். இப்போது 50 வருடத்தைப் பொறுக்கலாம் என்கிறேன். காரணம் எளிது. 1858க்கும் 1875க்கும் இடையில் அறிமுகப் பாடமே மாறியது. 1970க்குப் பின் இரசாயனம் பிரமாண்டமாக வளர்ந்தது என்றாலும், வளர்ந்ததில் பெரும்பங்கு முதல் வருடத்துக்கு மேலே இருக்கிறது.

அப்படியானால் எதைப் பார்த்துத் தெரிவது? என் வழி, எந்த நூலை எடுத்தாலும் முதலில் சமநிலை இயலைத் திறப்பது. அதில் லே சற்றலியர் தத்துவத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பேன். சமநிலையில் உள்ள தொகுதியில் ஒரு மாற்றத்தைச் செய்தால், அது அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசையில் நகரும் என்று ஒரு வாக்கியத்தைக் கட்டம் போட்டுத் தந்து, பிறகு ஐந்து உதாரணம் தரும் நூல்கள் நிறைய. உயர்தரத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வருவதும் இதையே. புள்ளி கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் இந்த வாக்கியம் எல்லா இடத்திலும் உண்மையாகாது. நைதரசன், ஐதரசன், அமோனியா மூன்றும் சமநிலையில் இருக்கும் கலத்தில், வெப்பநிலையும் மொத்த அமுக்கமும் மாறாமல், இன்னும் கொஞ்சம் நைதரசனைச் சேர்க்கிறோம் என்று வையுங்கள். மனப்பாட விதிப்படி அமோனியா கூட வேண்டும். நைதரசனின் மூல்பின்னம் ஏற்கெனவே பாதிக்கு மேல் இருந்தால் நடப்பது நேரெதிர்: அமோனியா பிரிந்து நைதரசன் இன்னும் கூடும்.

ஏனென்றால் அமுக்கம் மாறாதிருக்கக் கலம் விரிய வேண்டும். விரிந்தால் ஐதரசனின் பகுதியமுக்கம் குறைகிறது, அதுவோ மூன்றாம் அடுக்கில் சமன்பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. தாக்க ஈவைக் கணக்கிட்டு அதைச் சமநிலை மாறிலியோடு ஒப்பிடப் பழகிய பிள்ளை இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். வாக்கியத்தை மட்டும் பழகிய பிள்ளைக்கு இது என்றைக்கும் புலப்படாது. ஆகவே ஈவு முதலில் வருகிறதா, வாக்கியம் முதலில் வருகிறதா என்பதே என் முதல் சோதனை. ஈவை முன்வைத்து, லே சற்றலியரை ஒரு நினைவுக் குறிப்பாக மட்டும் பின்னால் தரும் நூல், விலை என்னவானாலும் பட்டியலுக்குத் தகுதியானது. வழுவழுப்பான அட்டையும் நிறப்படங்களும் இந்தச் சோதனையில் தேறாத புத்தகத்தைக் காப்பாற்ற மாட்டா.

இதே கண்ணால் தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர வளநூல்களையும் பார்க்க வேண்டும். 1980 முதல் தரம் 11 வரை அரசு இலவசப் பாடநூல் தருகிறது. உயர்தரத்துக்கு அப்படி இல்லை. அந்த வெற்றிடத்தில் இருக்கிற நம்பகமான தமிழ் நூல் இந்த வளநூல்தான். இணையத்தில் இலவசமாக இறக்கலாம், பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் கை பட்டிருக்கிறது, பாடத்திட்டத்தின் அலகு அலகாகப் போகிறது. கைத்தொழில் இரசாயன அலகில் உரூத்தைலிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு செய்வது வருகிறது. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றும் உரூத்தைலும் கிடக்கிற நாட்டில் இது வேறெந்த வெளிநாட்டு நூலும் தராத பொருத்தம். உப்புக் கரைசலை மின்பகுத்துச் சோடியம் ஐதரொட்சைட்டும் குளோரீனும் பெறுவதைப் படிக்கிற பிள்ளைக்குப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் ஆனையிறவு உப்பளத்தையும் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தால் அந்த அலகு உயிர் பெறும்.

குறைகளும் உண்டு. வசனங்கள் இறுகியிருக்கின்றன, செய்துபழகக் கணக்குகள் போதாது. நூலின் குறையைவிடப் பெரியது அதைச் சூழ்ந்திருக்கும் பரீட்சை. 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம், இரண்டாம் தாளுக்கு மூன்று. புள்ளித் திட்டத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அந்தச் சொல்லைத் தருகிற நோட்ஸ் ஜெயிக்கிறது, புத்தகம் தோற்கிறது. ரியூசன் சேர்மாரைக் குறை சொல்லி ஆவதொன்றுமில்லை. அவர்களில் பலர் வளநூலைவிடத் தெளிவாக விளக்குகிறவர்கள். ஆனால் அவர்களிடம் படித்த பிள்ளை ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்து வேண்டியதைத் தேடி எடுக்கும் பழக்கம் இல்லாமலே கம்பஸுக்கு வந்து சேர்கிறது. அங்கே அதன் கையில் கொடுக்கப்படுவது ஆயிரம் பக்க நூல்களின் பெயர்ப் பட்டியல்.

உள்ளூர் உதாரணம் வேண்டும் என்று நான் சொல்வதை ஊர்ப்பற்று என்று எண்ண வேண்டாம். 2021ஐ எடுங்கள். அந்த வருடம் மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியது. இடைப்பட்ட மாதங்களில் படுவான்கரை வயற்காரர் பட்டது யாவரும் அறிந்தது. நாடு முழுதும் நடந்த அந்த வாக்குவாதத்தின் மையத்தில் முதல் வருட இரசாயனத்தின் முதற்கணக்கு ஒன்று இருந்தது. யூரியா மூடையில் 46 என்று அச்சிட்டிருப்பது எதை? யூரியாவின் மூலர்த் திணிவு 60. அதில் நைதரசன் அணுக்கள் இரண்டு, அவற்றின் திணிவு 28. 28ஐ 60ஆல் வகுத்தால் நூற்றுக்கு 46.7, வணிக யூரியாவுக்கு 46. ஆக 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் இருக்கும். அதே 46 கிலோவைக் கூட்டெருவால் கொடுக்க 2,300 முதல் 4,600 கிலோ வரை வயலுக்குச் சுமக்க வேண்டும். அதிலும் எவ்வளவு அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்கும் என்பது இன்னொரு கேள்வி. அது தாக்கவீதம் படிக்கும்போது மீண்டும் வரலாம். சேதனப் பசளை கூடாது என்பதற்கு இது வாதமாகாது. மண்ணுக்கு அது செய்வதை யூரியா செய்யாது. ஆனால் ஒரு பருவத்தில் ஒன்றை நிறுத்தி மற்றதை வைக்கலாமா என்பதை மூல் கணக்குத் தெரிந்த எவரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம். அமெரிக்க நூலும் யூரியாவின் சதவீதத்தைக் கணிக்கச் சொல்லும். அந்தக் கணக்கின் பாரம் என்னவென்று செங்கலடியில் வயல் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி அதற்குத் தெரியாது.

அப்போ எதை வாங்குவது, எதைக் கொடுப்பது? என் தெரிவு, வாங்கத் தேவையில்லாத ஒன்று. அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட பொது இரசாயன நூல், 2019இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. 21 இயல்கள். இணையத்தில் இலவசம், பிடிஎஃப்பாக இறக்கலாம். போன் திரைக்கு ஏற்றபடி வரி மடங்கும் வடிவத்திலும் வாசிக்கலாம். பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமன்று. சமநிலை இயலில் தாக்க ஈவுக்குத் தகுந்த இடம் கொடுத்திருக்கிறது. எழுத்து நடை போலிங்கின் பக்கத்தில் கூட வராது. குழுவாக உட்கார்ந்து எழுதிய சப்பைத்தன்மை பல பக்கங்களில் தெரியும். வீதியில் உப்புத் தூவும் அமெரிக்கப் பனி இதிலும் உண்டு. இவ்வளவு சொல்லியும் அதைத் தெரிவதற்குக் காரணம் அதன் உரிமம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் பிரதி எடுக்கலாம், வெட்டலாம், சேர்க்கலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிற நாட்டில், திருட்டு பிடிஎஃப்பைப் பார்த்தும் பாராமலும் பரிந்துரைக்கிற சங்கடம் விரிவுரையாளருக்கு இதில் இல்லை. சேதன இரசாயனத்துக்கும் இப்போது வழி திறந்திருக்கிறது. ஜோன் மக்மறி, நோயால் இறந்த தன் மகனின் நினைவாகத் தன் புகழ்பெற்ற நூலின் பத்தாம் பதிப்பை 2023இல் அதே ஓபன்ஸ்டாக்ஸ் வழியாக இலவசமாக்கினார். அதை விற்க முடியாது என்ற நிபந்தனை உண்டு. படிக்கிறவருக்கு அது இடைஞ்சலாகாது.

உரிமம் இருக்கிறதென்று 21 இயலையும் தமிழாக்கப் புறப்படுவது கிறீனின் பொறிக்குள் மறுபடி காலை விடுவதாகும். முடிக்கும்போது மூன்றாம் பதிப்பு வந்திருக்கும், யாரும் திருத்த மாட்டார்கள். அதோடு இரண்டாம் வருடத்திலிருந்து பிள்ளை வாசிக்க வேண்டிய எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் வருடத்திலேயே அதற்குக் கை பழக வேண்டும். முழுத் தமிழ் நூல் இருந்தால் அந்தப் பழக்கம் இன்னும் ஒரு வருடம் பிந்தும் என்கிற விரிவுரையாளரின் பயம் நியாயமானது. ஆங்கிலத்திலேயே தள்ளிவிட்டால் நீந்திக் கொள்வார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் நியாயம் போதாது. சிலர் நீந்துவார்கள். மற்றவர்கள் சீனியரின் நோட்ஸுக்குத் திரும்பி, பட்டம் பெறும்வரை அங்கேயே இருப்பார்கள்.

ஆகவே ஆங்கில நூல் நூலாகவே இருக்கட்டும். ஒவ்வொரு இயலுக்கும் பத்துப் பக்கத்துக்கு மேற்படாத ஒரு தமிழ்த் துணைக்குறிப்பு வேண்டும்: இயலின் வாதம் எந்த வழியில் போகிறது, எந்தப் பக்கத்தை முதலில் வாசிக்கலாம், எதை விட்டுவிடலாம், பனிக்குப் பதிலாக வாவி, பேஸ்போலுக்குப் பதிலாக யூரியா மூடை, உயர்தரத்தில் படித்த விதி இங்கே எந்த இடத்தில் போதாமற் போகிறது, முழுமையாகச் செய்துகாட்டிய ஐந்து கணக்கு. மூலநூலின் பதிப்பு மாறினால் இந்தப் பத்துப் பக்கத்தைத் திருத்துவது ஒரு வார வேலை. எழுத வேண்டியவர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அதே இயலில் தடக்குப்பட்ட இறுதி வருட மாணவர் ஒருவரும், பிழை பார்க்க ஒரு விரிவுரையாளரும் போதும். பரிந்துரைப் பட்டியலில் அற்கின்ஸும் மற்றவர்களும் தாராளமாக இருக்கலாம், மேலதிக வாசிப்பு என்ற தலைப்பின் கீழ், எந்த அற்கின்ஸ் என்ற விவரத்தோடு.

தொடங்குவதானால் சமநிலை இயலில் தொடங்கச் சொல்வேன். பிள்ளை கொண்டுவரும் உயர்தர விடையும் பல்கலைக்கழகம் கேட்கும் விடையும் அங்கேதான் முதலில் பிரிகின்றன. ஓர் அரையாண்டுக்குள் இரண்டு பேரால் முடிக்கக்கூடிய அளவுதான் அந்த இயல். முதல் இயலிலிருந்து வரிசையாக எழுதப் போனால் அலகுகளும் பொருளுண்மை இலக்கங்களும் முடிவதற்குள் இருவரும் களைத்துப்போவார்கள்.